களாச்செடி: அழகும் அரணும் ஆகும் உயிர்வேலி

பயிரிடுதலைக் காட்டிலும் இட்ட பயிரைக் காத்தல் கடினமென்பது நிலமுடைய யாவரும் அறிந்ததே. புன்செய்க் காடுகளில் விதைப்புக்கு முன் முள் வெட்டி வேலி அடைப்பது நெடுநாளைய வழக்கம். கருவேல முள்ளையும் இலந்தை முள்ளையும் வெட்டிக் கொணர்ந்து, குச்சி நட்டு, வரிந்து கட்டி முடிப்பதற்குள் பல ஆட்கூலி செலவாகின்றது. அவ்வாறு கட்டிய வேலியோ கறையானுக்கு இரையாகி, மறு கோடையில் அடுப்புக்கும் உதவாத நிலையை அடைகின்றது. மறு வருஷம் அதே வேலை, அதே செலவு.

இவ்வேலியில் ஓரிடத்தில் இடைவெளி கண்டால் போதும், ஓரிரவில் ஆட்டுமந்தை புகுந்து மூன்று மாத உழைப்பை அழித்துவிடும். அதன்பின் எழும் வாக்குவாதமும் மனஸ்தாபமும் கிராம அலுவலர்கள் நன்கறிந்தவையே. அத்துமீறிய கால்நடைகளைப் பிடித்துப் பட்டியில் அடைப்பதற்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. ஆயினும் பட்டியில் அடைத்த மாடு தின்ற பயிரைத் திருப்பித் தருவதில்லை. அண்டை வீட்டாரின் நட்பையும் மீட்டுத் தருவதில்லை. கற்காலும் முள்கம்பியும் இட்டு நிலம் முழுவதையும் வளைப்பதோ சிறு குடியானவர்களின் சக்திக்கு மேற்பட்டது. ஆகையால் ஒருமுறை நட்டுப் பல்லாண்டு நிற்கும் உயிர்வேலியே அவர்களுக்கு உகந்ததாகும். அவ்வகையில், முள்ளால் அரணாகவும், பூவால் அழகாகவும், காயால் வருவாயாகவும் பயன்படும் களாச்செடியை வளர்க்கும் முறையை இங்கு விவரிப்போம்.

வேலிச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

வேலிக்கென எச்செடியையும் நடலாமென்று எண்ணுதல் தவறு. சப்பாத்திக்கள்ளி ஒரு காலத்தில் வேலியாகவே இடம் பெற்றது; பின்னர் மேய்ச்சல் நிலங்களையும் புன்செய்களையும் மூடிக் குடியானவர்களைத் துன்புறுத்திற்று. 1926-இல் இலங்கையிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட செம்பூச்சியே அதனைப் பெரிதும் அடக்கிற்று. அழகுச்செடியாக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி மலைச்சரிவுகளையும் காடுகளையும் பற்றிக்கொண்டது. விறகுக்கும் வேலிக்குமென வரவேற்கப்பட்ட சீமைக் கருவேல் ஏரி, குளம், தரிசு எங்கும் படர்ந்திருப்பதை ஒவ்வொரு கிராமத்தாரும் கண்கூடாகக் காண்கின்றனர். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழிக்கு இவற்றைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை.

களாச்செடி அத்தன்மையதன்று. இது இந்நாட்டுக்கே உரியது. வேரினின்று பக்கக் கன்றுகளை விட்டு வயலுக்குள் ஓடுவதுமில்லை. நட்ட இடத்திலேயே அடர்ந்து நிற்கும். இதன் விதைகள் நெடுநாள் முளைப்புத்திறன் கெடாமல் மண்ணில் கிடப்பனவுமல்ல.

செடியின் இயல்பு

களாச்செடி அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் இதனைக் கரிஸ்ஸா கரண்டாஸ் என்பர். தமிழில் களா, பெருங்களா என்றும், தெலுங்கில் வாக்காய என்றும், ஹிந்தியில் கரோந்தா என்றும் வழங்கப்படும். காடுகளில் தானே வளரும் சிறுகளா இதன் இனத்ததாயினும் வேறு வகையாகும். அதன் காய் சிறியது.

ஆங்கிலேயர் இதற்கு வங்கக் கரண்ட் என்று பெயரிட்டனர். அதனால் மேல்நாட்டுத் தோட்டங்களில் செந்நிறப் பூங்கொத்துகளுடன் விளங்கும் பூக்கரண்ட் செடியும் இதுவும் ஒன்றென மயங்குவோர் உளர். அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. 1820-களில் டேவிட் டக்ளஸ் என்னும் தாவர ஆராய்ச்சியாளரால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டுப் பரவியது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் இயல்புடையது. நம் சமவெளியின் வெப்பத்துக்கு அது ஏற்றதன்று. பெயரிலன்றி இரண்டுக்கும் உறவில்லை.

களா சுமார் 6 அடி முதல் 12 அடி வரை வளரும் பசுமை மாறாத புதர்ச்செடி. இலைகள் எதிரெதிராக அமைந்து, தடித்து, மேற்புறம் கரும்பச்சையாகப் பளபளக்கும். கணுக்களில் இணையிணையாக உறுதியான முட்கள் உண்டு. அவற்றுட் சில கவைபட்டவை. எவ்விடத்தில் ஒடித்தாலும் வெண்பால் கசியும். மல்லிகை போன்ற சிறு வெண்மலர்கள் கிளை நுனிகளில் கொத்தாகப் பூத்து மணம் வீசும். காய்கள் முதலில் பச்சையாகவோ, வெண்மையில் செம்மை படர்ந்தோ இருந்து, பின் சிவந்து, பழுத்தபின் கருமையடையும். சங்க நூல்களில் களங்கனி கருமைக்கு உவமையாக வந்துள்ளது. சேர வேந்தன் ஒருவன் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல் எனப் பெயர் பெற்றமையும் இச்செடியின் பழமைக்குச் சான்றாகும்.

மண்ணும் தட்பவெப்பமும்

சரளை, செம்மண், மணற்பாங்கு, பாறை கலந்த நிலம் ஆகிய எதிலும் களா வளரும். ஓரளவு உவர் நிலத்தையும் தாங்கும். வேரூன்றிய பின் கடுங்கோடையிலும் பட்டுப்போவதில்லை. ஆனால் நீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது. ஆகையால் நன்செய் வரப்புகளிலும் பள்ளக்காலிலும் இதனை நடுதல் வீண். அவ்வாறான இடங்களில் கரையை உயர்த்தி, வடிகால் அமைத்தபின்னரே நடல்வேண்டும்.

எத்தனை செடிகள் வேண்டும்?

ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி; நான்கு பக்கமும் சேர்ந்து 835 அடியாகும். வேலிக்கு இரு வரிசையாக, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும், வரிசையில் செடிக்குச் செடி 2 அடியும் விட்டு, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைச் செடி அமையுமாறு நடல்வேண்டும். இவ்வாறு நட ஏக்கருக்குச் சுமார் 835 செடிகள் தேவை. பட்டுப்போவனவற்றுக்கு ஈடு செய்யச் சுமார் 1,000 நாற்றுகள் வளர்த்துக்கொள்ளல் நலம்.

இங்கு ஒரு கணக்கை நிலமுடையோரும் கிராம அலுவலர்களும் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அடுத்தடுத்துச் சதுரமாக அமைந்த நான்கு ஒரு ஏக்கர் நிலங்களைத் தனித்தனியே வளைப்பின் மொத்தம் 3,340 அடி வேலி வேண்டும். நால்வரும் ஒன்றுகூடி நான்கு ஏக்கரையும் சேர்த்து வளைப்பாராயின் 1,670 அடியே போதும். செடியும் கூலியும் காவலும் சரிபாதியாகக் குறையும். நிலம் துண்டுபட்டுக் கிடக்கும் ஊர்களில் தனித்தனியாக வேலி போட இயலாதவர்களும் கூடிப் போட இயலும்.

விதையும் நாற்றங்காலும்

களா பெரும்பாலும் விதையினின்றே வளர்க்கப்படுகின்றது. வெட்டுத்துண்டுகள் எளிதில் வேர் விடுவதில்லை. விதையிலெழுந்த செடிகளில் காயின் அளவும் நிறமும் வேறுபடக்கூடும். வேலிக்கு அதனால் குறைவில்லை. குறிப்பிட்ட மரத்தின் நற்குணம் மாறாமல் வேண்டுவோர் மழைக்காலத்தில் பதியன் போட்டுப் பெறலாம். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் தெரிந்தெடுத்த பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகியவையும், கொங்கணப் பகுதியில் தெரிந்தெடுத்த கொங்கண் போல்டு என்பதும் காய்க்காக வளர்க்கப்படும் ரகங்களாம்.

விதையைப் பொறுத்தவரை ஒன்றை மறவாதிருத்தல் அவசியம். களா விதை நெல்லையும் சோளத்தையும் போல் குதிரில் இட்டு வைக்கத்தக்கதன்று. நாட்செல்லச் செல்ல முளைப்புத்திறன் விரைவில் குன்றும். சென்ற வருஷத்து விதையை வாங்கி நட்டு, முளைக்கவில்லையென்று செடியைப் பழிப்போர் பலர். நன்கு கறுத்துப் பழுத்த பழங்களைப் பறித்து, நீரில் பிசைந்து, சதையையும் பாலையும் கழுவி, விதையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். ஒரு பழத்தில் மூன்று நான்கு விதைகள் என்று கொண்டால், 1,500 விதைகளுக்கு ஐந்நூறு பழங்கள் போதுமானவை.

ஆடி, ஆவணி மாதங்களில், மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சமபாகமாகக் கலந்து உயர்த்திய பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் விதைத்து, வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளித்து வரவும். முளை கண்டவுடன் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நாற்றுகள் நான்கைந்து இலை விட்டதும் மண் நிரப்பிய பைகளுக்கு மாற்றி, அரை நிழலில் வைத்துக் காப்பாற்றி, மறு வருஷத்து மழையில் நடுதல் வேண்டும். அவசரப்பட்டு அவ்வருஷமே ஐப்பசியில் நட்டால், சிறு நாற்றுகள் அடுத்து வரும் கோடையைத் தாங்கமாட்டா.

எல்லையும் நடுதலும்

செடி வளர்ந்தபின் வேலி நான்கைந்து அடி அகலம் கொள்ளும். ஆகையால் சால் எடுக்கும்போது எல்லைக்கோட்டின் மீதே எடுத்தலாகாது. அதன் நடுப்பகுதி எல்லையினின்று 3 அடி உள்ளே அமைதல் நலம். வண்டிப்பாதை, வாய்க்கால் ஓரங்களில் இதனைக் கட்டாயமாகக் கவனிக்க வேண்டும். இன்று ஒரு முழம் வெளியே நடும் செடி, ஐந்து வருஷத்தில் ஊர்வழியை அடைத்து, வழக்குக்கு வித்தாகும். எல்லை ஐயமானால் நடுவதற்கு முன்பே புலப்படத்தைக் கொண்டு அளந்து அறிந்துகொள்க. 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டப்படி அளவைக் கற்களைப் பேணுதல் பட்டாதாரரின் கடமையாகும். முட்புதருக்குள் மறைந்த கல் இல்லாத கல்லுக்குச் சமம். ஆகவே கல்லைச் சுற்றி இரண்டடி திறந்த இடம் விடப்பட வேண்டும். இரு அண்டையாரும் இசைந்து பொது எல்லையின் மீதே நடுவதாயின், செலவு, காவல், காய் இம்மூன்றின் பங்கையும் எழுத்தில் குறித்துக் கையொப்பமிட்டுக்கொள்ளல் பிற்காலச் சச்சரவைத் தவிர்க்கும்.

கோடையில் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள சாலை வெட்டி ஆறப்போடவும். தோண்டும்போது மேல்மண்ணை ஒரு புறமும் அடிமண்ணை மறு புறமும் குவித்து, நிரப்பும்போது மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரத்தைக் கலந்து அடியில் இடுக. அடிமண்ணை வெளிப்புறத்தில் கரையாகப் போட்டால் மழைநீர் சாலிலேயே நின்று ஊறும். நல்ல மழை பெய்தபின், மப்பு மந்தாரமான நாளில், மாலை வேளையில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்குதல் வேண்டும்.

வேலிக்கும் வேலி

களா வேலி கெடுவதற்கு மண்ணோ மழையோ காரணமாவது சிறுபான்மை. முதலிரண்டு வருஷத்து அசிரத்தையே பெரும்பான்மையான காரணமாகும். இளஞ்செடியின் முள் மென்மையானது. தளிரை ஆடு விரும்பிக் கடிக்கும். ஆகையால் நட்டவுடன் வெளிப்புறத்தில் வழக்கம்போல் உலர்ந்த முள்வேலியை இரண்டு வருஷமாவது அடைக்கவேண்டும். கட்டியிருக்கும் பழைய முள்வேலியை அகற்றிவிட்டு அவ்விடத்தில் களாவை நடுவோர் இரண்டையும் இழப்பர்.

நட்ட முதல் மாதத்தில் மழையில்லாவிடில் வாரம் இருமுறையும், முதலிரண்டு கோடையிலும் வாரம் ஒருமுறையும் நீர் விடுதல் வேண்டும். செடியடியில் களை பறித்து, சருகு பரப்பினால் ஈரம் காயாது. செத்த செடிக்குப் பதிலாக அடுத்த மழையிலேயே மறு செடி நடுதல் அவசியம். மூன்றாம் வருஷம் இடைவெளியில் நடப்படும் சிறு செடி, இருபுறமும் ஓங்கிய செடிகளின் நிழலில் நலிந்துவிடும்; அவ்விடமே ஆட்டுக்கு நிரந்தர வாயிலாகும்.

கத்தரித்தல்

வேலியின் வலிமை அதன் உயரத்தில் இல்லை, அடியில் இருக்கின்றது. ஆடு தலையை நுழைப்பது தரையினின்று இரண்டடிக்குள்ளேதான். தானே வளரவிட்ட களா மேலே குடைபோல் விரிந்து அடியில் வெறுமையாகும். இதனைத் தவிர்க்க, செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைத் தரையினின்று ஓரடிக்கு வெட்டிவிடுக. வளர்ந்த செடியை வெட்ட மனம் வராமை இயல்பே; ஆனால் அவ்வெட்டினாலேயே அடியில் நாலைந்து கிளைகள் எழும். அவை மீண்டும் ஓரடி நீண்டதும் பாதியாகக் குறைக்கவும். இவ்வாறு படிப்படியாக உயர்த்தி, மூன்று நான்கு வருஷங்களில் ஐந்தடியில் நிறுத்தல் வேண்டும். பக்கங்களை வெட்டும்போது அடி அகன்றும் மேல் குறுகியும் இருக்குமாறு சரிவாக வெட்டுக. மேற்புறம் அகன்றால் அடிக்கிளைகளுக்கு வெயில் கிட்டாது. அவை இலையுதிர்ந்து காய்ந்துவிடும்.

கத்தரிக்கும் காலமும் முக்கியமானது. பூக்கள் கிளை நுனியில் தோன்றுவன. இடத்துக்கிடம் சிறிது வேறுபட்டாலும், பொதுவாக மாசி, பங்குனியில் பூக்கத் தொடங்கி, ஆனி முதல் ஆவணி வரை காய் முற்றிப் பழுக்கும். தை, மாசியில் கத்தரித்தால் அவ்வருஷத்துப் பூவும் காயும் கத்தியோடு போகும். ஆகையால் காய் பறித்து முடிந்தபின், புரட்டாசியில் கத்தரித்தலே முறை. பின்னர்ப் பெய்யும் மழையில் புதுத் தளிர் எழுந்து, பூக்கும் பருவத்துக்குள் முற்றிவிடும். பால் ஒட்டாதிருக்க அரிவாளில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்க. கண்ணில் பால் தெறியாதபடி எச்சரிக்கையாயிருக்கவும். வெட்டிய முட்கிளைகளைச் சிதறவிடாமல் வேலியின் அடியிலேயே செருகினால் அதுவும் காவலாகும்.

வீட்டு முகப்பிலும் பள்ளிக்கூடம், ஊராட்சி மன்றம் முதலிய கட்டிடங்களைச் சுற்றியும் அழகுக்காக நடுவோர், ஒற்றை வரிசையாக நட்டு மூன்றடி உயரத்தில் ஒழுங்காக வெட்டி வரலாம். தனிச்செடியாக விட்டுக் கவிழ்த்த கூடை போல் உருவாக்கினும் பூக்கும் காலத்தில் கண்ணுக்கினிய காட்சியாகும். இதன் இனமாகிய நேட்டால் பிளம் என்னும் தென்னாப்பிரிக்கச் செடியும் பெரிய வெண்மலரும் செங்கனியும் உடையது. தோட்ட அழகுக்கு ஏற்றது. குழந்தைகள் நடமாடும் நடைவழியில் முட்செடி வேண்டாம். சற்று விலக்கி நடுக. ஆயினும் பள்ளி வேலியில் மஞ்சள் அரளியைவிடக் களா நூறு மடங்கு மேல். அரளிக் குடும்பத்தவையே எனினும், களாப் பழம் உண்ணத்தக்கது. மஞ்சள் அரளியின் காயோ உயிரைப் போக்கும் நஞ்சு. இவ்வேற்றுமையைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தல் ஆசிரியர் கடமை.

உரமும் பயிர்க் காப்பும்

காய்க்கும் செடி ஒன்றுக்கு வருஷம் 10 கிலோ மக்கிய தொழு உரத்தை மழைக்கு முன் இடலாம். நெருங்கிய வேலியில் செடிதோறும் அவ்வளவு இடுதல் இயலாது. சால் நெடுகிலும் ஒரு கூடை எருவை மூன்றடிக்கொன்றாகப் பரப்பினால் போதும். வேலிக்கும் பயிருக்கும் இடையே நான்கடி விடுதல் நன்று. அவ்விடம் காய் பறிக்கவும் கத்தரிக்கவும் நடைவழியாகப் பயன்படும்.

இச்செடியைத் தாக்கும் பூச்சிகளில் இலை தின்னும் புழுக்களே முதன்மையானவை. சிறிதளவு காணின் கையால் பொறுக்கி அழிக்கலாம். மிகுந்தால், 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கவும்.

மழைக்காலத்தில் கிளைகள் நுனியினின்று கருகிக் கீழ்நோக்கிக் காய்ந்து வருமாயின், அது பூசண நோயாகும். கருகிய பகுதிக்குக் கீழே பச்சையான இடத்தில் வெட்டியெடுத்து எரித்துவிட்டு, 1 சதவீத போர்டோக் கலவையைத் தெளித்தல் வேண்டும். 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. மரம், மண், பிளாஸ்டிக் பாத்திரங்களையே உபயோகிக்கவும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்தெடுத்தால் செம்புநிறம் படியுமாயின் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றன்று கலந்ததை அன்றே தெளித்துவிடுக.

காயும் பயனும்

விதையினின்று வளர்த்த செடி மூன்றாம் வருஷமளவில் காய்க்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த தனிச்செடி 3 முதல் 5 கிலோ வரை காய் தரும். அடிக்கடி வெட்டப்படும் வேலியில் அவ்வளவு எதிர்பார்க்கலாகாது. வேலியின் முதற்பயன் காவலே என்பதை மறத்தல் கூடாது. ஊறுகாய்க்கு முற்றிய பச்சைக்காயையும், தின்பதற்கும் பாகு செய்வதற்கும் பழத்தையும் பறிக்கவேண்டும். எல்லாக் காயும் ஒருங்கே முற்றுவதில்லையாதலால் சில தினங்களுக்கு ஒருமுறையாகப் பலமுறை பறித்தல் அவசியம். பச்சைக்காயைக் கீறி விதை நீக்கி உப்பு நீரில் ஊறவைத்தால் பால் நீங்கும். கூழ்மமாகும் தன்மை இக்காயில் மிகுதியாதலால் ஜெல்லி செய்வதற்கு மிகவும் ஏற்றது. ரொட்டிக் கடைகளில் பண்டங்களின் மேல் செர்ரி என வைக்கப்படும் செங்கனிகளிற் பல, சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேற்றிய களாக்காயே என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் அக்காயை வாங்குவோர் எல்லா ஊரிலும் இல்லை. ஆகையால் நூறு செடி நடுவதற்கு முன்பே அருகிலுள்ள சந்தையையும் ஊறுகாய் செய்வோரையும் விசாரித்தறிதல் விவேகம். விற்காத காயும் வீட்டு ஊறுகாய்ப் பானைக்கு வீணாகாது.

முடிவுரை

உயிர்வேலி ஓராண்டில் பலன் தருவதன்று. முதல் வருஷம் நாற்று. இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் முள்வேலியும் களாவும் ஆகிய இரட்டைச் செலவு. இதற்கு அஞ்சியே பலர் தொடங்காமல் நின்றுவிடுகின்றனர். அத்தகையோர் நிலம் முழுவதையும் ஒரே முறையில் வளைக்க முயலாமல், ஆடுமாடு நுழையும் பாதையோரத்துப் பக்கம் ஒன்றில் மட்டும் இவ்வாடியில் விதைத்து, மறு ஆடியில் நடுவாராக. அது நிலைத்தபின் அதன் பழத்திலிருந்தே மற்றப் பக்கங்களுக்கும், அண்டையாருக்கும் விதை கிடைக்கும். கிராம அலுவலர்களும் ஊராட்சிகளும் பள்ளிக்கூடம், பொதுக்கிணறு ஆகியவற்றைச் சுற்றி முதலில் நட்டுக் காட்டினால், ஊரார் கண்ணாற் கண்டு பின்பற்றுவர்.